ஒரு டின் பெயிண்டும் ஆச்சியின் கட்டிலும்

"சிவில் படிக்கிற பிள்ள வீட்டு மாடி ஒழுகுதுன்னா ஊரு சிரிக்காதா?"

ஆச்சி சும்மா கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. இந்தக் கதை எல்லாம் அந்த ரோஷத்தில் ஆரம்பித்ததுதான்.

வெளியூர் மக்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. எங்கள் ஊர் சங்கரன்கோவில். கோமதி அம்மன், ஆடித்தபசு, விசைத்தறிச் சத்தம், பிரியாணி... இந்த நான்கையும் சொல்லிவிட்டால் ஊர் அறிமுகம் முடிந்தது. ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். எங்களுக்கு வருவது பெரும்பாலும் காற்று மட்டும்தான். எங்களுக்கென்று பெய்கிற மழை ஐப்பசி, கார்த்திகையில். அதனால் வருஷத்தில் ஒன்பது மாதம் மாடி ஒழுகும் என்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. மீதி மூன்று மாதம் அதைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் இருக்காது :)

எங்கள் வீடு 2003-ல் கட்டியது. 30 அடிக்கு 20 அடி, ஒரே தளம், மேலே மொட்டைமாடி. (ஆச்சிக்கு அது தட்டட்டி.) கட்டும்போதே கையில் காசு தீர்ந்துவிட்டதால் மேலே சுண்ணாம்புத் தளம், தட்டோடு எதுவும் போடவில்லை. வெறும் சிமெண்டுப் பூச்சோடு விட்டுவிட்டார் அப்பா. "அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றாராம். அந்த அப்புறம் இருபது வருஷமாக வரவே இல்லை.

2023 ஐப்பசியில் உள் அறையில் சொட்ட ஆரம்பித்தது. ஆச்சி படுக்கும் அறை. கீழே ஒரு வாளி வைத்தோம். ஆச்சி மேலே சொன்ன டயலாக்கைச் சொன்னது அன்றைக்குத்தான்.

நான் உடனே கடைக்குப் போய், டிவி விளம்பரத்தில் வருகிற மாதிரி வெள்ளைக் கோட்டிங் ஒரு டின் வாங்கி வந்தேன். நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு மழைக்கு நடுவில் ஒருநாள் நல்ல வெயில் அடித்தது. விளக்குமாறால் பெருக்கிவிட்டு மத்தியானத்துக்குள் இரண்டு கோட் அடித்து முடித்தாயிற்று. மாடி பால் மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். நம்ம கிளாஸ் பயல்கள் "இன்ஜினியர் சார்" என்று கலாய்த்தது ஞாபகம் இருக்கும்.

பத்தே நாள். பால் மாதிரி இருந்த மாடி அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அங்கங்கே கொப்புளம். ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தேன். உள்ளே தண்ணீர்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. எங்கள் ஊரில் அந்த அளவுக்கு இல்லைதான். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எங்கள் 600 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை விழுந்தால் அதுவே 550 லிட்டருக்கு மேல். காயல்பட்டினத்து மழை எங்கள் மாடியில் விழுந்திருந்தால் 50 ஆயிரம் லிட்டர் தாண்டியிருக்கும்!

மழை விட்டு நாலைந்து நாள் கழித்து, மார்கழி முதல் வாரம், விடியற்காலை. டமால் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மேல்கூரையிலிருந்து காங்கிரீட் பாளம் ஒன்று, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, ஆச்சியின் தலையணை மேல் கிடந்தது.

ஆச்சி அங்கே இல்லை. மார்கழி பூஜைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

அம்மா அழுதுவிட்டாள். அப்பா ஒன்றுமே பேசவில்லை. நான் மேலே அண்ணாந்து பார்த்தேன். பாளம் விழுந்த இடத்தில் கம்பிகள் செக்கச்செவேலென்று துருப்பிடித்து, பட்டை பட்டையாக உரிந்து நின்றன. ஸ்கேலை வைத்து அளந்தேன். கம்பிக்குக் கீழே இருந்த காங்கிரீட் கனம் 8 மி.மீ. வகுப்பில் ஐ.எஸ். 456 படித்தோமே, நினைவிருக்கிறதா? லேசான சூழலுக்கே 20 மி.மீ., நடுத்தரச் சூழலுக்கு 30 மி.மீ. பரீட்சையில் நான் அதைச் சரியாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த அறையில் படுத்துக்கொண்டுதான் படித்தேன். ஒருநாளும் மேலே பார்க்கவில்லை.

டொரோண்டோவில் இருக்கும் பெரியம்மா மகன் அன்று ராத்திரி போன் பண்ணினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட, இங்கயும் இதே பாடுதான்டா" என்றான். அவன் வீட்டு வாசலில் கார் நிறுத்த காங்கிரீட் தளம் போட்டிருக்கிறார்களாம். காங்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதில் தண்ணீர் புகுந்து பனிக்காலத்தில் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும். பகலில் உருகி இரவில் உறைந்து, திரும்பத் திரும்ப இப்படியே நடந்தால் மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். பனியைக் கரைக்கத் தூவுகிற உப்பு இதை இன்னும் மோசமாக்கும். அதனால் குளிர் வருவதற்கு முன்னாலேயே, தளம் நன்றாகக் காய்ந்திருக்கிற நாளில், சிலேன், சிலாக்சேன் என்று ஏதோ ஒரு சீலரை அடித்துவிடுவார்களாம். அது துளைக்குள் இறங்கித் தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளும்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே உள்ளே போய்ப் பெருக்குவது ஐஸ். இங்கே பெருக்குவது துரு. சங்கரன்கோவிலில் தண்ணீர் எந்தக் காலத்திலும் உறையப்போவதில்லை. ஆனால் இரும்பு துருவாக மாறினால் பழைய அளவைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட்டுக்குள் ஏது இடம்? அது பிளந்துகொண்டு கீழே விழும். நல்ல காங்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பிக்குப் பாதுகாப்பு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் மெதுவாக உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அப்புறம் கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும். எங்கள் வீட்டில் அதற்கு 8 மி.மீ. தூரம்தான் போகவேண்டியிருந்தது.

என் பெயிண்டா பாளத்தை விழவைத்தது? இல்லை. அந்தத் துரு பல வருஷத்துத் துரு. ஆனால் ஒழுகலை நிறுத்திவிட்டோம் என்ற தைரியத்தை எல்லோருக்கும் கொடுத்தது என் பெயிண்ட். வாளியை எடுத்துவிட்டு ஆச்சியின் கட்டிலைத் திரும்ப அதே இடத்தில் போட்டது நான். இதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பழக்கமான ஒரு கொத்தனார் வந்தார். நாங்கள் அண்ணாச்சி என்போம். என் கொப்புளங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏ தம்பி, சளி பிடிச்சவனுக்கு மேல புதுச்சட்ட போட்டுவிட்டா சளி போயிருமா? ஈரத்த உள்ள வச்சுல்லா மூடியிருக்க!"

நீளக் கம்பால் கூரை முழுக்கத் தட்டினார். நல்ல இடத்தில் 'டங்', கெட்ட இடத்தில் 'டொப்'. டொப் என்ற இடங்களைக் கீழே தட்டிவிட்டார். கட்டிலை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார். மாடி வேலையை இப்போதே ஆரம்பிக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு மறுத்துவிட்டார்.

"எல்லாரும் மழை பெய்யையிலதான் என்னையத் தேடுதிய. அப்ப நான் வந்து குடைதான் பிடிக்கலாம். ஆனி பிறக்கட்டும், வாரேன்."

சொன்னபடி 2024 ஆனியில் வந்தார். காலேஜ் லீவு. நான்தான் சித்தாள். அவர் வேலை செய்த வரிசையை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் அடிப்பக்கம். துருவைக் கம்பிப் பிரஷால் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைத்தார். கம்பி ரொம்பத் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கொடுக்க வேண்டுமாம். நல்லவேளை, எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்புறம் மேலே. தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் வேப்பிலை, மண், எப்போதோ தொலைந்த என் ரப்பர் பந்து! அதைவிடப் பெரிய குற்றம், வாட்டம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். அது குழாயைப் பார்த்து ஓடாமல் நேரே ஆச்சி அறைக்கு மேலே போய்த் தேங்கி நின்றது. "வாட்டம் இல்லாத மாடிக்கு என்ன மருந்து அடிச்சாலும் வீண்" என்றார் அண்ணாச்சி. பழைய பூச்சின் மேலேயே இன்னொரு தளம் போட்டால் எடை ஏறும். அதனால் பழையதைக் கொத்தி எடுத்துவிட்டு, 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறங்குகிற மாதிரி புதிதாகப் போட்டார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் முதலில் வெடிக்கும் என்று அங்கே சரிவாகச் சாந்து கொடுத்தார்.

அந்தச் சாந்தை ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனி கடைசியிலேயே எங்கள் சாக்கு பறந்து பக்கத்து வீட்டு வற்றல் பாயில் போய் விழுந்தது. சமாதானப் பேச்சுவார்த்தைக்கு அம்மா போனாள்.

கோட்டிங் அடிக்கும் முன் நான் ஒரு சோதனை செய்தேன். இது மட்டும் என் பங்களிப்பு. ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும். அடியில் நீர் முத்துக் கோத்திருந்தால் தளம் இன்னும் ஈரம் என்று அர்த்தம். முதல் தடவை முத்துக் கோத்திருந்தது. காத்திருந்தோம். அடுத்த வாரம் திரும்பச் செய்தோம். தாள் காய்ந்து வந்தது. போன வருஷம் ஒரு முழம் பாலித்தீன் செலவழித்திருந்தால் நாலாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

கோட்டிங் அதே ரகம்தான். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் மட்டும் அடித்தோம். முதல் கோட் தண்ணீர் கலந்து, அது காய்ந்ததும் இரண்டாவது, அதற்குக் குறுக்காக மூன்றாவது. மூலைகளில் கோட்டுகளுக்கு நடுவே வலைத்துணி. சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு. நீண்டு சுருங்கும் ரகமாக இருக்கவேண்டும் என்பது ஏன் தெரியுமா? 30 அடித் தளம் 30 டிகிரி சூடேறினால் இரண்டரை மி.மீ.க்கு மேல் நீளும், ராத்திரி சுருங்கும். விறைப்பான பூச்சு இதைத் தாங்காமல் கீறல் விடும்.

கடைசியாக, குழாயை அடைத்து மாடியில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டோம். 1400 லிட்டர்! ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "குடிக்கத் தண்ணிக்குக் குடத்தத் தூக்கிட்டு அலைஞ்ச ஊருல, தட்டட்டிக்குத் தண்ணி காட்டுதானுவ!" அப்புறம் அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து வேப்பமரத்துக்கும் முருங்கைக்கும் ஊற்றித்தான் சமாதானம் ஆனாள்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து தன் அப்பா வீட்டுத் தளம் போட்ட கதையைச் சொன்னாள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்களாம். கட்டை துள்ளி எழும்வரை விடமாட்டார்களாம். "கோடையிலதான்லே போடுவாவ. மழை வாரதுக்குள்ள அது இறுகணும்லா" என்றாள்.

டொரோண்டோ அண்ணன் சொன்னதும் அதுதான். கொத்தனார் அண்ணாச்சி சொன்னதும் அதுதான். தேவை இல்லாதபோது செய்கிற வேலை இது. தேவை வந்தபிறகு செய்தால் வெறும் பெயிண்ட்.

2024 டிசம்பர் மத்தியில் தென்காசி, நெல்லைப் பக்கம் மறுபடி பலத்த மழை. ராத்திரி மூன்று தடவை எழுந்து டார்ச் அடித்து மேலே பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. இப்போது வருஷா வருஷம் ஆடித்தபசு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாடியைப் பெருக்கி, குழாய் வாயைச் சுத்தம் செய்து, கீறல் பார்ப்பது என் வேலை. அரைமணி நேரம் ஆகும்.

மக்களே, இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் வயசானவர்கள் படுக்கும் இடத்தில் ஒருதரம் படுத்து மேலே பாருங்கள். மஞ்சள் கறை, வெள்ளைப் பூப்பு, கம்பி ஓடுகிற திசையிலேயே நேர்கோட்டில் ஒரு கீறல், எது தெரிந்தாலும் மழைவரை காத்திருக்காதீர்கள்.

எங்கள் வீட்டு உள் அறைக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. புது வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனாலும் ஆச்சி கட்டிலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த இடத்தில் இப்போது நான் படுக்கிறேன்.