மலையேறாத சந்தா

குன்னூர் மலைச்சரிவில், வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்பில் எங்கள் ஸங்கம் நடைபெற்று வருகிறது. வீடு ஒதுக்கப்பெற்றவர்களில் பலர் குளிர் தாளாமல் கோயமுத்தூரில் குடியேறிவிட்டார்கள். வாடகைப் பணம் மாதந் தவறாமல் மலையிறங்கி அவர்களைத் தேடிப் போகிறது. ஸங்கச் சந்தா மட்டும் மலையேறி வருவதில்லை.

சமவெளியில் சந்தா நின்றால் மாடிப்படி விளக்கு அணையும், அவ்வளவுதான். இங்கேயோ தடுப்புச் சுவரும் வடிகாலும் அந்தப் பணத்தை நம்பியிருக்கின்றன. சுவரின் நீர்த்துளைகள் அடைபட்டால் மழைநீர் பின்னால் தேங்கும். ஊறிக் கனத்த மண் சுவரையே தள்ளிவிடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கு மேற்பட்டவர்கள் மாண்டதை எப்படி மறப்பது?

"பாக்கி வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள்!" என்றார் அங்கத்தினர் ஒருவர். பலர் தலையசைத்தார்கள். ஆனால் குழாய் வறண்டால் தவிப்பவர் யார்? வாடகையை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் குடித்தனக்காரர்தான். கோயமுத்தூர்க் கனவானுக்குத் தாகமே எடுக்காது! வீட்டுக்காரரே குடித்தனக்காரருக்குத் தண்ணீரைத் தடுக்கலாகாது என்கிறது 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம். அப்படியிருக்க, நாங்கள் தடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே, உடைமையாளருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். இருவர் பாக்கியைத் தீர்த்தார்கள். ஒருவர், தம் வீட்டுக் கதவுக்கு ஸங்கம் வர்ணம் பூசவில்லையென்று குறைகூறி எழுதினார்! மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.

ஐப்பசி மழை காத்திராதல்லவா? இங்கிருப்பவர்கள் மூன்று மாதச் சந்தாவை முன்னதாகவே கொடுத்தோம். வடிகால் தூர்வாரிய ஞாயிற்றுக்கிழமை, பாக்கி வீட்டுக் குடித்தனக்காரர் இருவர், யாரும் அழையாமலே, மண்வெட்டியோடு வந்து நின்றார்கள்.