தோப்பில் வழி தவறிய தளபதி

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில், காவிரி இரு கிளையாகப் பிரிந்து தழுவும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். அங்குச் செல்லும் நம்மவர் அரங்கநாதரைச் சேவித்து, திப்பு வீழ்ந்த இடத்தையும் கண்டு திரும்புவர். நாமும் அவ்வாறே சென்றோம். ஆயினும் நம் உள்ளத்தில் நின்றது கோட்டையன்று. ஆற்றின் தென்புறத்தே அன்றிருந்த ஒரு தோப்பின் கதையே.

1799 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு. முற்றுகையிட வந்த ஆங்கிலப் படையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் 29 வயதுக் கர்னல் இருந்தார். கவர்னர் ஜெனரலின் தம்பி. சுல்தான்பேட்டைத் தோப்பைக் கைப்பற்றி வருமாறு அவரை ஏவினர். பகலில் எவரும் அவ்விடத்தைச் சென்று பார்த்திலர். உள்ளே நுழைந்ததும் கும்மிருட்டு, எங்கும் வாய்க்கால், எதிரே திப்புவின் துப்பாக்கிகள். படை சிதறிற்று. கர்னல் முழங்காலில் சிறு அடிபட்டு, தம் வீரர்களையே காணாது தடுமாறினார். நள்ளிரவையொட்டித் தளபதி ஹாரிஸின் கூடாரத்தை அடைந்து, தோப்பைப் பிடிக்க இயலவில்லை என்று பதைபதைப்போடு கூறினாராம். 'பேட்டை' நம் சொல். ஆங்கிலேயர் 'டோப்' என்றெழுதியதும் நம் 'தோப்பு'தான். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற பெருமகனார், அன்று இரண்டு தமிழ்ச் சொற்களுக்கிடையே வழி தெரியாது அலைந்தார்!

நகைப்பு இவ்வளவோடு நிற்கின்றது. அவரது 33-ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த பன்னிருவர் அவ்விருளில் சிறைப்பட்டனர்; பின்னர்க் கோட்டைக்குள் கொல்லப்பட்டனர்.

மறுநாட்காலை தாக்குதலுக்கு வெல்லெஸ்லி வந்து சேரத் தாமதமாயிற்று. ஹாரிஸ் அப்பணியை டேவிட் பெயர்டிடம் ஒப்புவிக்க முற்பட்டார். பெயர்டோ, நேற்றைய இழுக்கைத் துடைக்க இளைஞருக்கு வாய்ப்பளியுங்கள் என்று பரிந்துரைத்தார் என்பர். வெல்லெஸ்லி வந்தார், பகலொளியில் தோப்பு எளிதில் வசமாயிற்று.

இந்தப் பெயர்டு யார்? காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் 1780-இல் பிடிபட்டு, 1784 வரை இதே பட்டணத்தில் சிறையிருந்தவர். மே 4-ஆம் நாள் கோட்டை மதிலேறிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இரண்டொரு நாளில் கோட்டைப் பொறுப்பு வெல்லெஸ்லிக்குச் சென்றது. பெயர்டு மனம் கொதித்தார். அண்ணன் கவர்னர் ஜெனரலாயிருந்தால் தோப்பும் மறக்கப்படும் போலும்.

புதிய அதிகாரி, திப்புவின் தரியா தௌலத் மாளிகையில் குடியேறினார். அதன் மேற்குச் சுவரில் ஆங்கிலேயர் புள்ளலூரில் தோற்ற காட்சி தீட்டப்பட்டுள்ளது. சிதைந்திருந்த அதனை அவரே புதுப்பிக்கச் செய்தார். இன்றும் காணலாம்.