கடிகாரத்தைத் திருத்துமுன்

கடிகாரம் ஒன்று நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்தினால், "இது இனி உருப்படாது" என்று சொல்லிவிடுகிறோம். சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் உள்ளன. அவற்றுள் 1,439 நிமிடங்களை அது பிசகின்றி எண்ணிவிட்டது; ஒன்றில்தான் தவறியிருக்கிறது. மனிதர் செய்யும் எந்த வேலையில் இத்துணைத் துல்லியத்தை நாம் காண்கிறோம்? ஆயினும் அந்த ஒரு நிமிடம் பத்து நாளில் பத்து நிமிடமாகப் பெருகி, பேருந்தைத் தவறவிடச் செய்கிறது என்பதும் மறுக்க இயலாத உண்மையே. சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரத்தைச் சரியான நேரம் காட்டச் செய்ய இயலுமா? இயலும். அதை அண்மையில் நேரில் கண்டறிந்தேன். கண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பெங்களூரில் 1961-ஆம் ஆண்டு, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தாரின் துணையோடு எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. அங்கிருந்து வந்த 'ஜனதா' என்னும் கடிகாரம், பெயருக்கேற்ப எளிய மக்களின் கைகளை அலங்கரித்தது. 2016-இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட நடுவண் அரசு முடிவு செய்தது. ஆனால் அது செய்தளித்த கடிகாரங்கள் இன்றும் எத்தனையோ இல்லங்களில் இருக்கின்றன. என் தமையனார் 1981-இல் தம் முதற் சம்பளத்தில் வாங்கிய ஜனதாவும் அவற்றுள் ஒன்று.

தமையனார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார். அக்கடிகாரத்தைத் தம் மகன் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அண்ணியாரின் ஆசை. அவனோ தொடர்வண்டித் துறையில் பணிபுரிபவன். "சித்தப்பா, நாளுக்கு நாலு நிமிஷம் பிந்துகிற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நான் எப்படி வேலைக்குப் போவது?" என்று கேட்டான். அவன் மறுத்தது கடிகாரத்தை. தாயின் செவியிலோ தகப்பனையே மறுத்ததுபோல் விழுந்தது. சில நாட்கள் இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆகவே கடிகாரத்தை நான் வாங்கிக்கொண்டு, எங்கள் ஊர்க் கடைவீதியில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் சென்றேன்.

அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணாடிக் குமிழைக் கண்ணில் பொருத்திச் சிறிது நேரம் நோக்கினார். "சாமி, இதற்கு முதலில் வைத்தியம் செய்ய வேண்டும். திருத்தம் அப்புறம்தான்" என்றார்.

அதன் பொருளை அவரே விளக்கினார். உள்ளே பாலன்ஸ் என்னும் சிறு சக்கரம் இப்புறமும் அப்புறமும் மாறிமாறிச் சுழல்கிறது. மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங் அதனை ஒவ்வொரு முறையும் திரும்ப இழுக்கிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஓசை அந்த ஆட்டத்தால் விளைவதே. ஜனதாவில் அது மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு ஐந்து முறை ஒலிக்கிறது. நாள் முழுவதற்கும் 4,32,000. அந்த ஸ்பிரிங்கின் ஓரத்தில் ஒரு சிறு நெம்பு உண்டு. அதை ஒரு பக்கம் நகர்த்தினால் ஸ்பிரிங்கின் இயங்கும் நீளம் குறைந்து கடிகாரம் விரையும். மறுபக்கம் நகர்த்தினால் நீளம் கூடித் தாமதிக்கும்.

எங்கள் கடிகாரத்தில் அந்த நெம்பு விரைவுப் பக்கத்தின் கடைசி எல்லைவரை தள்ளப்பட்டிருந்தது. உள்ளே எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருந்தது. முன்பு எவரோ அதைத் துடைத்து எண்ணெயிடாமல், நெம்பை மட்டும் தள்ளிக் கொடுத்திருக்கிறார். அழுக்கு இருக்கும்வரை எத்திருத்தமும் நிலைக்காது என்றார் பெரியவர். ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிக் கழுவி, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டி, கடிகார ஒலியைக் கேட்டு வேகத்தைக் கணிக்கும் கருவியில் வைத்து நெம்பை ஓரளவு சரிசெய்தார்.

"இனி உங்கள் வேலை, சாமி. ஒரு வாரம் கையிலே கட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். எத்தனை விநாடி வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். நடுவில் முள்ளை மட்டும் தொடாதீர்கள்" என்றார்.

ஒரே நேரத்தில் சாவி கொடுப்பதற்குக் காரணம் உண்டு. முழுவதும் முறுக்கிய மெயின் ஸ்பிரிங்கின் வலிமை வேறு. தளர்ந்த நிலையில் அதன் வலிமை வேறு. நாள்தோறும் அதே வேளையில் முறுக்கினால், கடிகாரம் தன் வலிமையின் சிறந்த பகுதியிலேயே எப்போதும் ஓடும். நான் காலை ஆறு மணியைத் தேர்ந்துகொண்டு, கைப்பேசி காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டேன். முந்திய விநாடிகள் நாள்தோறும் இவ்வாறு இருந்தன: 38, 41, 39, 40, 37, 40, 38.

குறிப்பேட்டைக் கண்டதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. "நல்ல கடிகாரம், சாமி!" என்றார். நாளுக்கு ஏறத்தாழ நாற்பது விநாடி முந்துவது எங்ஙனம் நல்ல கடிகாரமாகும் என்று வினவினேன். "தினமும் ஒரே மாதிரி அல்லவா முந்துகிறது? ஒரு நாள் அரை நிமிஷம் முந்தி, மறுநாள் அரை நிமிஷம் பிந்தினால் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதை யாராலும் திருத்த முடியாது" என்று விடையிறுத்தார்.

இந்த உண்மையின்மேல்தான் கடற்பயணக் கடிகாரமும் நின்றது. இங்கிலாந்தின் தச்சர் ஜான் ஹாரிசன் அமைத்த நான்காம் கடிகாரம் 1761-இல் ஜமைக்காத் தீவுக்குக் கப்பலில் சென்றது. அது பிழையே இல்லாத கடிகாரம் அன்று. நாளொன்றுக்கு இரண்டே முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக அது பிந்தும் என்பது புறப்படுமுன்னரே கணிக்கப்பட்டிருந்தது. அத்தொகையைக் கழித்தபின், 81 நாட்களின் முடிவில் எஞ்சிய பிழை ஐந்து விநாடி அளவே! அளவு தெரிந்த பிழையை வைத்துக்கொண்டு மாலுமி கடலில் தன் இடத்தைக் கணித்துவிட முடிந்தது.

பெரியவர் நெம்பை மயிரிழையளவே நகர்த்தினார். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது, முந்துதல் ஒன்பது விநாடியாகக் குறைந்திருந்தது. அதற்குமேல் நெம்பைத் தொட வேண்டாமென்று கூறி, வேறொரு வழி காட்டினார். கடிகாரம் படுத்திருக்கும் நிலைக்கும் நிமிர்ந்திருக்கும் நிலைக்கும் வேகம் சிறிது மாறும். எந்நிலையில் விரையும், எந்நிலையில் தாமதிக்கும் என்பது கடிகாரத்துக்குக் கடிகாரம் வேறுபடும். எங்கள் ஜனதாவை இரவில் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் ஐந்து விநாடி பிந்துகிறது. பகலில் முந்துவதை இரவு பெரும்பாலும் ஈடுசெய்ய, நாளுக்கு நான்கு விநாடியே மிஞ்சுகிறது. சுவிட்சர்லாந்தில் உயர்தரக் கடிகாரங்களைப் பதினைந்து நாள் சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனம், சராசரியாக நாளுக்கு நான்கு விநாடி பிந்துவதையும் ஆறு விநாடி முந்துவதையும் ஏற்றுக்கொள்கிறது என்பதை எண்ணினால், இஃது எளிய சாதனையன்று.

ஓர் எச்சரிக்கையும் தந்தார். ஒலிபெருக்கி, காந்தம் பதித்த கைப்பேசி உறை ஆகியவற்றின் அருகே கடிகாரத்தை வைக்கலாகாது. ஹேர்ஸ்பிரிங் காந்தமேறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், கடிகாரம் திடீரெனப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கும். அப்போது நெம்பை நகர்த்துவது வீண்; காந்தத்தை நீக்க வேண்டும். அதற்கென உள்ள கருவியில் அது சில நொடி வேலையே.

இப்போது கடிகாரம் என் தமையனார் மகனின் கையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் முள்ளைச் சரிசெய்யுமுன் தாயைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த வாரம் இருபத்தெட்டு விநாடி, அம்மா" என்கிறான். அண்ணியார் அதைத் தம் நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய கடிகாரம் ஒன்று இருக்கக்கூடும். முதலில் அதன் அழுக்கை நீக்கச் செய்யுங்கள். பின்னர் ஒரு வாரம் முள்ளைத் தொடாமல் கவனியுங்கள். தவற்றின் அளவை நன்கு அறிந்தபின், மயிரிழையளவு மட்டும் திருத்துங்கள், மீண்டும் காத்திருங்கள். விரைந்து திருத்துவோர் கையில் பல கடிகாரங்கள் கெடுகின்றன. பொறுமையாகக் கவனிப்போர் கையில் நாற்பது ஆண்டுப் பழைய கடிகாரமும் நேரம் தவறுவதில்லை.