கொல்கத்தாவில் வாங்கிய இசைத்தட்டு

கொல்கத்தா நியூ மார்க்கெற்றுக்கு அண்மையிலே மிர்சா காலிப் வீதி உண்டு. பலரும் இன்னும் பிறீ ஸ்கூல் வீதி என்ற பழைய பெயராலேயே அதனை அழைப்பர். பழம் புத்தகங்களுக்கும் பழைய இசைத்தட்டுகளுக்கும் பேர்போன இடம். மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் நாம் அங்கு சென்றது றொக் அன்ட் றோல் தட்டொன்றைத் தேடியே.

மேனாட்டுப் பாட்டைத் தேடிக் கொல்கத்தாவுக்கா என நேயர்கள் நகைக்கலாம். காரணம் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1960ஆம் ஆண்டளவில் ஓய்ந்துவிட்டன. இந்தியாவிலோ மின்சாரம் எட்டாத வீடுகளிலே சாவி கொடுக்கும் கிராமபோன்கள் பாடிக்கொண்டிருந்தன. ஆகவே நகரின் புறத்தேயிருந்த டம்டம் தொழிற்சாலை அதன் பின்னரும் சில ஆண்டுகள் அத்தட்டுகளை வார்த்து வந்தது. இங்கிலாந்தில் அரக்கில் வெளிவராத பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்கள் இங்கே அரக்கில் வெளிவந்தமை இதனாலேதான். அரக்கும் அயற்சரக்கன்று. சோட்டா நாகபுரிக் காடுகளிலே பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது அது.

நாம் நுழைந்த கடை ஒடுங்கிய ஓர் அறை. அங்கிருந்த முதியவர், 1964ஆம் ஆண்டின் 'கான்ற் பை மீ லவ்' தட்டில் இரு பிரதிகளை எடுத்து வைத்தார். ஒன்று கண்ணாடிபோற் கறுத்துப் பளபளத்தது. மற்றது சாம்பல் பூத்திருந்தது. உருக்கு ஊசியின் வேலை அது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. சிக்கனக்காரர் ஒரே ஊசியைப் பல பக்கங்களுக்கு ஓட்டித் தட்டின் பள்ளங்களைத் தேய்த்துவிடுவர். (எம் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.)

பளபளத்ததற்கே நாம் பணம் எண்ணினோம். முதியவர் பணத்தைத் தொடவில்லை. தட்டின் நடுத்துளையில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, மறுகை விரல் முட்டியால் ஓரத்தை மெல்லத் தட்டினார். நல்ல தட்டாயின் மணிபோல் ஒலிக்கும். இதுவோ கரகரத்தது. யன்னல் வெளிச்சத்திற் சரித்துக் காட்டினார்; மயிரிழை போன்ற வெடிப்பொன்று ஓரத்திலிருந்து நடுக் கடதாசிவரை ஓடியிருந்தது. ஊசி அதனைக் கடக்குந்தோறும் 'டக்' என்னும். நிமிடத்துக்கு 78 தடவை! அவர் வாய் திறவாதிருந்தால் நாம் அறிந்திருக்கமாட்டோம்.

சேகரிப்போர் ஆங்கில எழுத்துகளால் தரம் இடுவர். 'என்' புதியது போன்றது. 'ஈ' மிகச் சிறந்தது. 'வீ' தேய்ந்தும் நன்கு கேட்பது. பின்னர் 'ஜீ', 'எஃப்', 'பீ' என இறங்கும். வெடிப்பு இருந்தால் அதனைத் தனியே குறித்தல் வேண்டும். தபாலில் வாங்குவோனுக்கு விற்பவன் சொல்லன்றி வேறு துணை ஏது?

சாம்பல் பூத்ததற்கு முதியவர் 'வீ' என்று மட்டுமே தரம் சொன்னார். சொன்ன விலையும் அதற்கேற்றதே. சாராயங் கலந்த எதனாலும் துடைக்கவேண்டாம், அரக்குக் கரைந்துவிடும் என்று எச்சரித்து, இரு தடித்த மட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டித் தந்தார்.

ஊர் திரும்பியதும் 78க்குரிய தடித்த ஊசியைப் பூட்டி அதனைச் சுழலவிட்டோம். முதலில் ஓலைக்கூரையில் மழை பெய்வது போன்ற இரைச்சல். பின்னர் அந்த இரைச்சலை மீறிக்கொண்டு பாட்டு எழுந்தது.