ஆர்டென் மலையின் மஞ்சள் கல்

லியேஜ் நகரிலிருந்து லக்சம்பர்க் போகும் ரயிலில் வந்தால் வியெல்சால்ம் ஒரு சின்ன நிலையம். அங்கிருந்து சால்ம் ஆற்றை ஒட்டித் தெற்கே நடந்தால் சால்ம்ஷாட்டோ. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றித்தான் கோட்டிக்யூல் என்னும் மஞ்சள் தீட்டுக்கல் வெட்டப்படுகிறது. சவரக்கத்தி பிடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடி வாங்கிய கல் இது.

ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மாங்கனீசு மிகுந்த களிமண், வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிக் கல்லானது. மிருதுவான மைக்காவுக்குள் ஸ்பெசார்ட்டின் என்ற கார்னெட் மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. நம்மூர் நகைக்கடைகளில் கோமேதகம் என்று விற்பதும் கார்னெட் இனம்தான். இந்த மணிகள் பன்னிரண்டு முகம் கொண்டவை. முனைகளின் கோணம் விரிந்திருப்பதால் எஃகை ஆழமாகக் கீறாமல் மேலோட்டமாகவே சீவுகின்றன. ஊதா நிறப் பலகைக்கல்லின் நடுவே சில சென்டிமீட்டர் கனத்தில் மட்டுமே ஓடும் இந்த அடுக்கை உடையாமல் பிரித்தெடுக்க வேண்டும். வெட்டியதில் பெரும்பகுதி கழிவாகிவிடும்.

1904-ல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேஸர் வீடுவீடாகப் பரவியபின் இந்தத் தொழில் தேய்ந்தது. 1980-ல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. 1998-ல் பக்கத்து லியெர்னூவில் மறுபடி கல் வெட்டத் தொடங்கினார்கள்.

நான் பார்க்கப் போனவர் அந்தக் கல்லில் பழைய கத்திகளைச் செப்பனிடும் முதியவர். அன்று அவர் மேசையில் ஒரு ஜெர்மானிய மடக்குச் சவரக்கத்தி. வாயில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். துரு வாய்வரை இறங்கியிருந்தால் கத்தி தேறாதாம். இது தேறும் என்றார்.

சவரக்கத்தியைத் தீட்டக் கோணம் பார்க்க வேண்டியதில்லை. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்தால் கோணம் தானே அமைந்துவிடும். முதுகு தேயாதிருக்க அதன்மேல் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒட்டினார். பல்லை அழிக்கும் முரட்டு வேலையை மட்டும் ஒரு செயற்கைக் கல்லில் முடித்துக்கொண்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. கத்தியின் வாயைக் கண்ணாடிப் புட்டியின் விளிம்பில் மெல்ல இழுத்து, இருந்த கூரையும் மழுக்கிவிட்டார். "பழைய கூர் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் நம்மை ஏமாற்றும். எல்லாம் போகட்டும், பிறகு முடி சிரைத்தால் அது இந்தக் கல் கொடுத்த கூர்" என்றார்.

கோட்டிக்யூலின் மேல் நீர் விட்டு, அதே கல்லின் சிறு துண்டால் தேய்த்தார். வெண்மையான குழம்பு திரண்டது. அதில் கத்தியை முன்னும் பின்னும் ஓட்டினார். குழம்பில் புரளும் கார்னெட் மணிகள் எஃகை விரைவாகத் தின்கின்றன. இடையிடையே முன்கை முடியில் வைத்துப் பார்த்தார். நுனி முதல் அடிவரை எல்லா இடமும் முடியை எடுத்த பிறகே அடுத்த கட்டம்.

குழம்பு கெட்டியாக இருக்கும்வரை கத்தி முழுக்கூர் அடையாது. மெல்லிய வாய் அந்த மணிகளிலேயே மோதி மழுங்கும். எனவே ஒவ்வொரு துளியாக நீர் சேர்த்து, ஓட்டி, மறுபடி நீர் சேர்த்தார். குழம்பு நீர்மோராகி, கடைசியில் வெறும் தண்ணீர் மட்டும் நின்றது. பற்பல கற்கள் படிப்படியாகச் செய்யும் வேலையை ஒரே கல்லில் நீரின் அளவு செய்துவிடுகிறது. இயந்திரத்தில் கத்தியைக் கொடுத்து வாங்கும் அவசரக்காரர்களுக்கு இந்த நுட்பம் பிடிபடாமலே போய்விடுமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இறுதியாகத் துணிவாரிலும் தோல்வாரிலும், முதுகு முன்னே போகும்படி கத்தியை இழுத்தார். கல்லில் வாய் முன்னே போகும். வாரில் அப்படிப் போனால் தோல்தான் கிழியும்.

"எல்லாக் கல்லுக்கும் இதே பக்குவம்தானா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். ஒரே அடுக்கில் வெட்டிய இரண்டு கற்கள்கூட வேறுவேறாக நடந்துகொள்ளுமாம். ஒன்றுக்கு நீரை மளமளவென்று கூட்டலாம், இன்னொன்று பொறுக்காது. அலமாரியில் விற்பனைக்கு வைத்திருந்த கற்களைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொன்றின் பின்புறமும், அதற்கு எவ்வளவு நிதானமாக நீர் சேர்க்க வேண்டும் என்று பென்சிலால் எழுதியிருந்தார்.