மீன் பிரித்தவர்களின் பேரன்

ஆசிரியர் கடல் கடந்து வந்து கற்பித்த காலம் ஒன்று உண்டு. மாணவர் கடல் கடந்து சென்று கற்கும் காலம் இது. இந்திய யூதர்களின் சமயக் கல்வி வரலாற்றை இவ்வாறு சுருக்கிச் சொல்லலாம். அவ்வரலாற்றின் மிகச் சிறிய, மிக அண்மைய நிகழ்வொன்று இவ்வாண்டு வைட்ஃபீல்டில் நடக்கிறது. கொங்கணக் கரையிலிருந்து வந்து குடியேறிய பெனே இஸ்ரேல் குடும்பமொன்றின் இளைய மகன், இரண்டாண்டு பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, எருசலேமின் யேஷிவா ஒன்றில் ஓராண்டு சமயக் கல்வி பயிலப் புறப்படுகிறான். யூத நாட்காட்டியின் ஏலூல் மாதம் ஏறக்குறைய நம் ஆவணியோடு ஒத்துவரும். அம்மாதத்தின் தொடக்கமே யேஷிவாக்களில் கல்வியாண்டின் தொடக்கம்.

அலுவலக நண்பர்கள் 'எந்த நாட்டில் எம்.எஸ்.?' என்று கேட்கிறார்கள். சமயம் படிக்கப் போவதாகச் சொன்னதும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. பட்டமும் இல்லை, வேலைவாய்ப்பும் இல்லை. பிறகு எதற்கு அந்த ஓராண்டு?

சிறு சமூகமொன்று தனக்கென ஓரிடம் தேடுவது வைட்ஃபீல்டுக்குப் புதிதன்று. 1882இல் டி. எஸ். ஒயிட் என்பவரின் முயற்சியால், மைசூர் மன்னர் அளித்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியருக்கான வேளாண் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் அது. இன்று 'இன்னர் சர்க்கிள்' பகுதியில் எஞ்சியிருக்கும் சில பழைய வீடுகளே அதற்குச் சான்று. அங்கு வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் வெளிநாடுகளுக்குப் போய்விட்டார்கள். பெனே இஸ்ரேல் மக்களின் கதையும் ஏறக்குறைய அதுவே. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வாழும் யூதர் 5,000க்கும் குறைவு.

கொங்கணக் கிராமங்களில் இம்மக்கள் செக்காட்டி எண்ணெய் விற்றவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊரார் இவர்களைச் 'சனிவார் தேலி' என்றழைத்தனர். நூல்கள் இல்லை, குருமார் இல்லை. ஓய்வுநாளும் விருத்தசேதனமும் 'ஷெமா' என்னும் ஒற்றை வேண்டுதலும் உணவு விலக்குகளும் மட்டும் நினைவில் நின்றன. கொச்சியிலிருந்து தாவீது ரஹாபி என்னும் ஆசிரியர் வந்ததாக இச்சமூகத்தின் மரபுக்கதை கூறுகிறது. காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கதையின் உள்ளீடே இங்கு முக்கியம். இவர்கள் யூதர்தாமா என்று அறிய, ரஹாபி பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். துடுப்பும் செதிலும் இல்லாத மீன்களைப் பெண்கள் தனியே ஒதுக்கி வைத்தார்களாம். அதன் பின்னரே அவர் கற்பிக்கத் தொடங்கினார். முதல் தேர்வு அடுக்களையில் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் அதில் தேறினர்.

அடுத்து வந்த ஆசிரியர் ஒருவர் யூதரே அல்லர். ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் ஜான் வில்சன் 1832இல் மராத்தியில் எபிரேய இலக்கண நூலொன்றை வெளியிட்டார். மதமாற்றத்தை எண்ணிக் கற்பித்த எபிரேயத்தைக் கொண்டு பெனே இஸ்ரேல் மக்கள் தம் மறைநூலையே படிக்கத் தொடங்கினர்.

மூன்றாம் தேர்வு கசப்பானது. இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் மக்களின் திருமணங்களைப் பதியும்முன் அவர்களது முன்னோர் மரபை விசாரிக்க வேண்டுமென்று 1962இல் அந்நாட்டுத் தலைமை ரப்பி பீடம் பணித்தது. போராட்டங்கள் எழுந்தன. 1964இல் நாடாளுமன்றம் தலையிட்டு, இவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று தீர்மானித்த பின்னரே பீடம் தன் ஆணையைத் திருத்தியது. ரஹாபி அடுக்களையைப் பார்த்தார். இவர்கள் வம்சாவளிச் சான்றைக் கேட்டார்கள். இரு தேர்வுகளுக்கும் உள்ள இவ்வேறுபாடுதான் புறப்படும் இளைஞனின் பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத சுமை.

அரசியல் சுமையும் உண்டு. 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்கும், அதைத் தொடர்ந்து காஸாவில் நேர்ந்த பேரழிவுக்கும் பிறகு, அந்நாட்டுக்குப் படிக்கச் செல்வது வெறும் கல்விப் பயணமாக இருக்க இயலாது. நண்பர்களின் கேள்விகளை அவன் தட்டிக்கழிக்கவில்லை. சமயம் கற்கச் செல்பவன் ஓர் அரசின் வழக்கறிஞனாகத் திரும்ப வேண்டியதில்லை என்பதே அவன் விடை.

அங்கே என்ன கற்பான்? பெரும்பொழுதும் தல்மூத். பாபிலோனியத் தல்மூத் 2,711 தாள்கள் கொண்டது. நாளுக்கொரு தாளாகப் படித்தால் ஏழரை ஆண்டு ஆகும். (ஏழரை என்றதும் நம்மவர்க்குச் சனி நினைவுக்கு வரலாம், இங்கும் சனிக்கிழமைக்குப் பங்குண்டு.) ஆகவே ஓராண்டில் 'முடிப்பது' என்ற பேச்சுக்கே இடமில்லை, படிக்கும் முறையைக் கற்கலாம். தாளின் நடுவில் மூலம்; ஒரு புறம் பதினொன்றாம் நூற்றாண்டு ராஷியின் உரை; மறுபுறம் அவ்வுரையைக் கேள்விக்குட்படுத்தும் 'தோசபோத்'. இளம்பூரணரைச் சேனாவரையர் மறுப்பதைப் படித்த தமிழ் மாணவருக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. தோசபோத் மரபின் முன்னோடிகளுள் ராஷியின் சொந்தப் பேரர்களும் இருந்தனர் என்பது கூடுதல் சுவை.

அந்தத் தாளை இருவர் எதிரெதிரே அமர்ந்து உரக்கப் படித்து வாதிடுவர். இவ்விணைக்கு 'ஹவ்ரூதா' என்று பெயர். ஆசிரியரிடம் கற்றதைவிடத் தோழரிடமும், தோழரைவிட மாணவரிடமும் மிகுதியாகக் கற்றதாகத் தல்மூதில் ஓர் அறிஞர் கூறுகிறார். நன்னூலும் இக்கணக்கையே போடுகிறது: ஆசான் உரைத்ததை நன்கு உட்கொண்டாலும் கால் பங்கு; உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்; எஞ்சிய அரை, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கைவரும்.

வீட்டில் இவ்வளவும் பேசப்படவில்லை. அவனுடைய ஆஜி, அலிபாக் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திரும்பி வந்த பிறகு என் கையால் சாப்பிடுவாயா?"

கேள்வியில் நியாயம் உண்டு. இத்தகைய ஓராண்டுக்குப் பின், பெற்றோர் வீட்டுப் பாத்திரத்தில் உண்ணத் தயங்கும் பிள்ளைகள் உலகெங்கும் உள்ள யூதக் குடும்பங்களில் இருக்கிறார்கள். இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரத் தொகுதி வேண்டும் என்பது நூல் விதி. ஆஜியிடம் இருப்பது ஒரே தொகுதி. ஆனால் அவர் கறிக்குழம்பில் தேங்காய்ப்பாலைத் தவிர வேறு பாலைச் சேர்த்ததில்லை. வைட்ஃபீல்டுச் சந்தையிலும் மீனைத் துண்டாக வாங்கமாட்டார். செதில் கண்ணுக்குத் தெரிய முழு மீனாகத்தான் வாங்குவார். நல்ல காரியம் நடந்தால் அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழங்களும் சேர்த்து 'மலிதா' படைத்து எலியா தீர்க்கதரிசியை நினைப்பார். அவன் கற்கப்போகும் தாள்களில் மலிதா இல்லை.

அவன் பொய்யாக உறுதி கொடுக்கவில்லை. "தெரியாது ஆஜி" என்றான். அவர் சினக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். "வேண்டாம் என்று தட்டைத் தள்ளும்முன் என் எதிரே உட்கார். ஏன் என்று சொல். நானும் சொல்வேன்."

ஹவ்ரூதா என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. ஆனால் நன்னூல் சொல்லும் அந்த அரைப் பங்குக் கல்வி எங்கே கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எருசலேம் தரக்கூடியது பாதி. மறுபாதிக்கான இடம் வைட்ஃபீல்டின் அந்த அடுக்களையில், மீனைப் பிரித்தறியத் தெரிந்த ஒருவரின் எதிரே, காலியாக வைக்கப்பட்டிருக்கிறது.