முதல் வாள்

சாத்தம் பாலத்தில் வண்டியை விட்டு இறங்கியதுமே மரவாசம் அடித்தது. போர்ட் பிளேர் நகரத்தையும் சாத்தம் தீவையும் இணைக்கும் அந்தப் பாலம் சில நிமிட நடையில் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் கடல். உப்புக்காற்று வீச வேண்டிய இடத்தில் புதிதாக அறுத்த பலகையின் வாசம் வீசுகிறது. 2024 செப்டம்பரில் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. படகுத்துறையிலும் டீக்கடையிலும் இன்னும் போர்ட் பிளேர் என்றே பேசுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பிப்ரவரி மாதம். நாங்கள் எட்டுப் பேர். ஒரே நாள் பயணம்: காலையில் சாத்தம் மர ஆலை, பிறகு படகில் அக்கரைக்கு, பொழுது சாய்வதற்குள் மவுண்ட் ஹாரியட் மலை. சுற்றுலா வண்டிகள் வழக்கமாக ஆலைக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கும். எங்களை அழைத்துப்போனவர் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "எட்டுப் பேர்தானே, மெதுவாப் போவோம். ஒரு மரத்துக்குப் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்" என்றார். நாள் முழுக்க அப்படியே போனோம். அறுபடும் மரம், இழைபடும் மரம், கடைசியில் நிற்கும் மரம்.

சாத்தம் மில் 1883-ல் தொடங்கியது. அந்தமான் வனத்துறை உருவானதும் அதே ஆண்டில்தான். ஆசியாவின் மிகப் பழைய மர ஆலைகளில் ஒன்று இது. தண்டனைக் குடியிருப்பாக இருந்த தீவுகளில் முதலில் மரம் வெட்டியவர்கள் கைதிகள். 1918 முதல் சோட்டாநாக்பூர் பழங்குடி மக்கள் காட்டு வேலைக்குக் கூட்டிவரப்பட்டார்கள். தீவுக்காரர்களுக்கு அவர்கள் இன்றும் 'ராஞ்சிக்காரர்கள்'. 1925-ல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் பக்கம் குடியேறினார்கள். வங்காளிகளும் தெலுங்கர்களும் நம்மவர்களும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். கட்டைகளைக் காட்டிலிருந்து கடற்கரைக்கு இழுத்துவந்தவை யானைகள். ஒரு தீவில் வேலை முடிந்தால் அடுத்த தீவுக்கு அந்த யானைகள் கடலில் நீந்தியே போனதுண்டு. 1942 மார்ச்சில் ஜப்பானியர் போட்ட குண்டு விழுந்த பள்ளம் ஆலைக்குள் இன்னும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் ஓரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எட்டிப் பார்த்துவிட்டு, வாள் சத்தம் வந்த பக்கம் நடந்தோம்.

கொட்டகைக்கு வெளியே கட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றின் வெட்டுமுகத்திலும் வனத்துறையின் சுத்தியல் முத்திரையும் ஓர் எண்ணும் இருந்தன. அருகில் நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தமிழில் பேசுவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம்.

"எடுத்த உடனே வாளுக்குத் தூக்கிட்டுப் போயிடக் கூடாது சார். மொதல்ல கட்டையைச் சுத்தி வரணும்" என்றார்.

சுற்றி வந்து காட்டினார். வெட்டுமுகத்தின் வெளிவட்டம் சாம்பல் வெள்ளை. அதற்கு 'வெள்ளை' என்றே பெயர். உள்ளே செங்கல் நிறத்தில் வைரம். நடுவில் நட்சத்திரம் போல நாலு பக்கமும் ஓடிய வெடிப்பு. அந்த வெடிப்பில் விரலை வைத்து, இன்னொரு கையால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். "வெடிப்பு ஓடுற திசையிலேயே வாள் போனா சேதம் ஒரு பலகையோட போயிடும். குறுக்கே போனா அத்தனை பலகையிலும் கீறல் விழும். முதல் வாள் எங்கே விழுதுங்கிறதுதான் எல்லாம். அதுக்கப்புறம் மெஷின் வேலை."

காலையிலிருந்து நான் கேட்டவற்றில் மனதில் தைத்த சொல் அதுதான். பட்டை வாள் ஓடுவதையும், கட்டை தள்ளுவண்டியில் ஏறி வருவதையும், சிவந்த தூள் பறப்பதையும் யாரும் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒரு மனிதர் கட்டையைச் சுற்றி நடக்கும் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. காட்டில் பல தலைமுறை நின்ற மரம் நல்ல பலகையாகுமா, விறகாகுமா என்பது அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிறது.

ஆலைக்குள் வாள் தீட்டுபவருக்குத் தனி மரியாதை உண்டு. 'சா டாக்டர்' என்பது அந்த வேலைக்குரிய பெயர். பல்லைக் கூராக்குவது மட்டும் அவர் வேலையில்லை. ஒரு பல்லை இடப்பக்கமும் அடுத்த பல்லை வலப்பக்கமும் மயிரிழை அளவுக்குச் சாய்த்து வைக்க வேண்டும். சாய்வு குறைந்தால் வாள் மரத்துக்குள் இறுகிச் சூடேறும்; கூடினால் மரம் தூளாகப் போய்விடும். வாளின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் மழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம்.

அங்கே அறுபடும் மரங்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டேன்: படாக், கர்ஜன், சுக்லம், கோக்கோ. இவற்றில் படாக்தான் தீவின் மாநில மரம். தாவரவியலில் அது நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் நெருங்கிய உறவு; மூன்றும் ஒரே பேரினம். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறையைப் புலி என்று மயங்கிய குறிஞ்சிநிலக் காட்சி நமக்குப் பழக்கம். கடல் கடந்து வந்த தமிழர்கள் இங்கே அறுத்தது அந்த வேங்கையின் உறவு மரத்தைத்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முன்னே மாதிரி கட்டை வர்றதில்லை" என்று கட்டையைச் சுற்றி வந்து காட்டிய அந்த அண்ணன் சொன்னதில் குறை தொனிக்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பல பத்தாண்டுகள் இங்கிருந்து மரம் கப்பல் கப்பலாகப் போனது. தீக்குச்சிக்கும் ஒட்டுப்பலகைக்கும் தனித்தனி ஆலைகள் இருந்தன. காடு மெலிந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சேகர் சிங் ஆணையம் தீவுகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. 2002 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. பழங்குடிக் காப்புக்காடுகளில் இயற்கையாக வளர்ந்த மரத்தில் கை வைக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் தீவு மக்களின் தேவைக்கு மட்டுமே வெட்டலாம். வணிகத்துக்காகப் பெருநிலத்துக்கு மரம் போகக் கூடாது. இந்த உத்தரவு வந்திராவிட்டால் தீவுகளின் காடு இன்னும் மெலிந்திருக்கும். அது சரியான தீர்ப்பு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சாத்தம் துறையிலிருந்தே பாம்பூ ஃப்ளாட்டுக்கு வாகனப் படகு போகிறது. கால் மணி நேரப் பயணம். பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடைகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒரே தட்டில். இறங்கிய பிறகு கொஞ்ச தூரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு தச்சுப் பட்டறைக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். பட்டறைக்காரரை ஊரில் எல்லாரும் மிஸ்திரி என்கிறார்கள். அவர் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அறுபது தாண்டியவர். இமையிலும் புருவத்திலும் சிவப்புத் தூள் படிந்திருந்தது. படாக் தூள் பட்டால் தும்மல் வரும், வேர்வையோடு கலந்தால் சட்டையில் கறை பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி எங்களைக் காற்று வரும் பக்கம் நிறுத்தினார்.

ஒரு முக்காலிக்கான பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளியை முன்னே தள்ளினார். இரண்டு விரல் அகலத்துக்குச் சுருள் வழுவழுப்பாக வந்தது. அதை ஒட்டி இன்னொரு தள்ளு. இந்த முறை சுருள் வரவில்லை, மரம் பிய்ந்து சிராய் எழுந்தது. ஒரே பலகை, ஒரே உளி. "பாத்தீங்களா தம்பி? இதுதான் படாக்கோட குணம். ரேகை ஒரு பட்டைக்கு இந்தப் பக்கம் சாயும், அடுத்த பட்டைக்கு அந்தப் பக்கம் சாயும். பின்னல் மாதிரி." இழைப்புளியைச் சற்றே கோணலாகத் திருப்பி, அழுத்தத்தைக் குறைத்து, மூச்சை அடக்கியவர் போல மெல்லத் தள்ளினார். சிராய் படிந்தது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தார். பலகை குங்குமமாகச் சிவந்தது. அதை வெளிச்சத்தில் சாய்த்தபோது இருண்ட பட்டை மின்னியது, மின்னிய பட்டை இருண்டது. அவரைப் படுத்திய அந்தப் பின்னல் ரேகைதான் மரத்தின் அழகும்.

மூலையில் கிடந்த பழைய நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டினார். வெயில் பட்ட மேல்பக்கம் காப்பி நிறம். அடிப்பக்கம் இன்னும் சிவப்பு. "நிறத்தைப் பாத்து வாங்குறவங்க நாலு வருசத்துல மறந்துடுவாங்க. மூட்டைப் பாத்து வாங்குறவங்க பேரன் காலம் வரைக்கும் வச்சிருப்பாங்க." மூட்டில் ஓர் ஆணி இல்லை. துளையும் முளையும் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்றன.

வேலை கற்றுக்கொள்ள யார் வருகிறார்கள் என்று கேட்டோம். மகன் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். வருமானம் நல்லபடியாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஆறு மாதம் வந்துவிட்டு நின்றுவிட்டான். மரம் குறைந்ததால் பெரிய வேலைகள் இல்லை. கட்டில், பீரோ என்று செய்த கைகள் இப்போது பெரும்பாலும் மிச்சத் துண்டுகளில் கிண்ணமும் பேனாத் தாங்கியும் செய்கின்றன. மரச்சாமான் எதையும் தீவை விட்டு வெளியே கொண்டுபோக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். "சீட்டு இல்லாம வாங்காதீங்க. எங்கே வெட்டுனதுன்னு தெரியாத மரம் நமக்கு வேண்டாம்."

மொராக்கோவின் எஸ்ஸவீரா ஊர் நினைவுக்கு வந்தது. அங்கே தூயா என்ற மரத்தின் வேர்முண்டிலிருந்து புள்ளி புள்ளியாக ரேகை ஓடும் பெட்டிகள் செய்கிறார்கள். ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் விரும்பி வாங்குவது அந்தப் பெட்டியைத்தான். வேர்முண்டை எடுத்தால் மரமே போய்விடும். அப்படித் தோண்டித் தோண்டி மரம் அரிதாகி, இன்று கைத்தொழிலுக்கே நெருக்கடி. மரம் போனால் கையும் போகும் என்பது அங்கே கற்ற பாடம். அந்தமானில் மரம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. கையைக் காப்பாற்றுவது எப்படி என்பதே இங்குள்ள கேள்வி.

மலைக்குப் போகும் வழியில் ஹோப்டவுன். 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி வைஸ்ராய் மேயோ, மவுண்ட் ஹாரியட் உடல்நலம் தேற்றும் விடுதிக்கு ஏற்ற இடமா என்று பார்க்க ஏறினார். இறங்கி வந்தபோது இந்தத் துறையில்தான் ஷேர் அலி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றான். பின்னாளில் மலை உச்சி ஆங்கிலேயத் தலைமை ஆணையரின் கோடைக்கால இருப்பிடமானது. 1891 போருக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கும் அவருடைய தோழர்களும் இங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நினைவில் 2021-ல் மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் வைத்தார்கள். உச்சிக்குப் போனதும் எங்களில் ஒருவர் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டை எடுத்து, அதன் பின்பக்கப் படத்தையும் கீழே தெரிந்த கடலையும் ஒப்பிட்டார். தென்னை, கடல், நார்த் பே முனை எல்லாம் அப்படியே இருந்தன.

அதைவிட எங்களுக்கு வேண்டியது பாதையோரம் நின்றது. எங்கள் வழிகாட்டி ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். படாக். அடியில் சுவர்போல விரிந்த பலகை வேர்கள், என் இடுப்புக்கு மேல் உயரம். கிளை தொடங்குமிடத்தைப் பார்க்கக் கழுத்தை முழுக்க அண்ணாக்க வேண்டியிருந்தது. கீழே காய்ந்த காய் ஒன்று கிடந்தது. வட்டமாக, ஓரம் முழுதும் காகிதம் போல மெல்லிய இறகு. வேங்கையின் காயும் இப்படித்தான். காலையில் அந்த அண்ணன் செய்ததைப் போல நாங்கள் எட்டுப் பேரும் மரத்தைச் சுற்றி வந்தோம். யாரும் அதிகம் பேசவில்லை. இந்த மரத்தை வெட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வெட்டியே ஆக வேண்டிய ஒரு மரத்தை வீணாக்கக் கூடாது என்று அந்த இரண்டு பேரின் கை சொல்கிறது. இரண்டும் ஒரே மரியாதைதான்.

மரம் குறைவாக வரும் காலத்தில்தான் அதை நன்றாக அறுக்கவும் இழைக்கவும் தெரிந்தவர்கள் அதிகம் தேவை. சாத்தம் ஆலையின் மூத்த தொழிலாளிகளையும் பாம்பூ ஃப்ளாட் போன்ற இடங்களின் மிஸ்திரிகளையும் ஆசிரியர்களாக அமர்த்தி, தீவின் பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க நிர்வாகம் முன்வர வேண்டும். இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால் கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது.

அந்தமான் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. சாத்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று ஆலைக்கு விடுமுறை. மற்ற நாளில் போங்கள். அரை மணி நேரம் போதாது, அரை நாள் கேளுங்கள். சின்னக் கிண்ணம் ஒன்று வாங்கினாலும் சீட்டோடு வாங்குங்கள். செய்தவர் யார் என்று கேட்டு வாங்குங்கள்.